காமா எட்டாத காமா தொலைநோக்கி

லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், 2024 அக்டோபர் 4 அன்று மேஸ் எனும் காமா கதிர்த் தொலைநோக்கி திறக்கப்பட்டது. ‘உலகிலேயே உயரமானது, ஆசியாவிலேயே பெரியது’ என்று பட்டம் கட்டிய செய்திகள், அது எதைப் பார்க்கிறது என்று சொல்ல மறந்துவிட்டன. அதன் 21 மீட்டர் ஆடியைக் காமா கதிர் வந்து தொடுவதில்லை. காற்று விடாது.

உயர் ஆற்றல் காமா கதிர், மேல்காற்றில் ஓர் அணுக்கருவை நெருங்கியதும் எலெக்ட்ரானும் பாசிட்ரானுமாகப் பிரிகிறது. அவை புதிய காமாக்களை உமிழ, அவையும் பிரிகின்றன. ஆற்றல் பங்காவது, பாட்டன் சொத்து பாகம் பிரிகிற கதைதான். நூறு ஏக்கர் ஐம்பதாகி, இருபத்தைந்தாகி, சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் ஆளுக்கு அரை சென்ட் ஆகிறது. அதற்கு மேல் பிரிக்க முடியாமல் வம்சம் அற்றுப்போகிறது. ஆனால் வாரிசுகள் ஓடுகிற ஓட்டம், காற்றில் ஒளி போகும் வேகத்தையும் மிஞ்சியது. அதனால் செரன்கோவ் எனும் நீல ஒளி பிறக்கிறது. சில நானோ நொடிதான் ஆயுள்.

அந்த ஒளி தரையில் 120 மீட்டர் ஆரத்துக்குப் பரவுகிறது என்பதில்தான் சூட்சுமம். விண்மீன் வெடித்த எச்சமான நண்டு நெபுலாவிலிருந்து லட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட காமா, சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு அரை டஜன் வந்தால் அதிகம். செயற்கைக்கோளின் சிறிய கருவி என்ன செய்யும்? தரையிலோ, ஒளிவட்டத்துக்குள் எங்கே ஆடியை வைத்தாலும் போதும். வலை சுமார் 45,000 சதுர மீட்டர் ஆகிவிடுகிறது.

வில்லங்கமும் உண்டு. காமா ஒன்று என்றால், அதேபோல் ஒளி வீசும் புரோட்டான்கள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. காமா வீட்டில் சுமுகமான பாகப்பிரிவினை. 1,088 ஒளிப்பெருக்கிக் குழாய்கள் கொண்ட கேமராவில் ஒல்லியான நீள்வட்டம் விழும். புரோட்டான் வீட்டில் வெட்டுக்குத்து. பங்காளிகள் திசைக்கொருவராய்த் தெறிக்க, படம் கந்தலாகிவிடும்.

வரலாறும் கேட்பீர்கள். 1952இல் இங்கிலாந்தில் கால்பிரெய்த்தும் ஜெல்லியும் குப்பைத்தொட்டிக்குள் ஆடி வைத்து இந்த ஒளியைப் பிடித்தார்கள். நண்டு நெபுலாவின் காமாவை அமெரிக்காவின் விப்பிள் தொலைநோக்கி உறுதிசெய்ய 1989 ஆயிற்று. நம் ஊட்டியிலும் டாட்டா ஆய்வு நிறுவனத்தார் அதற்கு முன்பே முயன்றிருக்கிறார்கள்.

ஹான்லேயின் உயரம் வெறும் பெருமையல்ல. அங்கே ஒளி அடர்த்தியாக விழுவதால், ஆற்றல் குறைந்த காமாவும் சிக்கும். ஆனாலும் நமீபியாவிலும் லா பால்மாவிலும் ஒரே ஒளியைப் பல தொலைநோக்கிகள் பல கோணங்களில் பார்த்து, திசையைத் துல்லியமாகக் கணிக்கின்றன. மேஸ் தனிக்கட்டை. பட்டங்கள் போதும், பக்கத்தில் இன்னொரு தொலைநோக்கியைக் கட்டுங்கள்.