கதவுக்குப் பின்னால் ஒரு கடைக்காரர்

நான்கைந்து பேர் சேர்ந்தால் இந்த விளையாட்டை இன்று மாலையே ஆடலாம். ஒருவர் கடைக்காரர். அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளட்டும். மற்றவர்கள் வெளியே நின்று, வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கதவின் அடியில் தள்ள வேண்டும். பேசக் கூடாது, பெயர் எழுதக் கூடாது, கையெழுத்தும் காட்டிக்கொடுக்கக் கூடாது. "ஒரு பென்சில்" என்று ஒரு சீட்டு போகும். "இரண்டு ரப்பர்" என்று இன்னொன்று போகும். பத்துப் பதினைந்து சீட்டுகள் போன பிறகு ஒருவர், "என் கணக்கு எவ்வளவு ஆச்சு?" என்று எழுதித் தள்ளட்டும். கடைக்காரர் திணறிப்போவார். கேட்பது யார் என்றே அவருக்குத் தெரியாதே!

இணையதளங்களை நடத்தும் சர்வர் என்ற கணினியின் நிலைமையும் இதுதான். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது உங்கள் பிரவுசர் ஒரு சீட்டு அனுப்புகிறது. பதில் வந்ததும் அந்த வேலை முடிந்தது, சர்வர் உங்களை மறந்துவிடும். அடுத்த நொடியே வேறு பக்கத்தைக் கேட்டாலும் நீங்கள் அதற்குப் புது ஆள்தான்.

இந்த மறதி தவறுதலாக நேர்ந்ததல்ல. 1990 வாக்கில் சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் வெப் எனப்படும் உலகளாவிய வலையை உருவாக்கியபோது, விஞ்ஞானிகள் ஒருவர் எழுதிய ஆவணத்தை இன்னொருவர் படிக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. படிக்க வருபவரை எதற்கு நினைவில் வைக்க வேண்டும்? மறந்துவிடுவதில் ஒரு வசதியும் உண்டு. லட்சம் பேர் வந்தாலும் யாரையும் மனத்தில் சுமக்காமல் வந்த கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே போகலாம்.

"ஒவ்வொரு கணினிக்கும் இணைய முகவரி இருக்கிறதே, அதை வைத்து அடையாளம் காணலாமே?" என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஆனால் ஒரு பள்ளி ஆய்வகத்தில் 30 கணினிகள் இருந்தாலும், பெரும்பாலும் வெளியே தெரிவது ஒரே முகவரிதான். வீட்டு வைஃபையை விட்டுத் தெருவுக்குப் போனால் உங்கள் கைபேசியின் முகவரியே மாறிவிடும். முகவரியை நம்ப முடியாது.

வலையில் கடைகள் வரத் தொடங்கியதும் இந்த மறதி பெரிய தலைவலியானது. கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்துக்குப் போனால் காணாமல் போகுமே! 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மாண்டுல்லி ஒரு வழி கண்டுபிடித்தார். சர்வர் ஒரு சிறு குறிப்பை பிரவுசரிடம் கொடுக்கும். பிரவுசர் அதைப் பத்திரமாக வைத்திருந்து, அந்தச் சர்வரிடம் போகும் ஒவ்வொரு முறையும் திருப்பிக் காட்டும். அந்தக் குறிப்புக்குப் பெயர்தான் குக்கீ.

அந்தக் குறிப்பில் என்ன எழுதுவது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. "இவர் கணக்கில் 50 ரூபாய் இருப்பு" என்று எழுதிக் கொடுத்தால், சீட்டு வாடிக்கையாளர் கையில்தானே இருக்கிறது? ஒரு சுழியைச் சேர்த்து 500 ஆக்கிவிடலாம். அதனால் பல தளங்கள் சீட்டில் ஓர் எண்ணை மட்டும் எழுதுகின்றன. மற்ற விவரமெல்லாம் சர்வரின் நோட்டில், அந்த எண்ணுக்குரிய பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கத்துக்கு செஷன் என்று பெயர். தமிழில் அமர்வு என்பார்கள்.

இப்போது விளையாட்டை மறுபடி ஆடுங்கள். ஒவ்வொருவரின் முதல் சீட்டு வந்ததும் கடைக்காரர் ஓர் எண்ணைத் திருப்பித் தரட்டும், நோட்டில் ஒரு பக்கம் திறக்கட்டும். இனி அவரவர் அனுப்பும் எல்லாச் சீட்டிலும் அவரவர் எண் இருக்க வேண்டும். இந்த முறை கணக்கு பிசகாது.

ஆனால் கடைக்காரர் 1, 2, 3, 4 என்று வரிசையாக எண் கொடுத்திருந்தால் வம்புதான். என் எண் 4 என்றால், 3 என்று எழுதித் தள்ளி உங்கள் கணக்கில் பத்துப் பேனா வாங்கிவிடுவேன்! அதனால் யாரும் ஊகிக்க முடியாத எண் வேண்டும். பிஎச்பி என்ற கணினி மொழி வழக்கமாகத் தரும் செஷன் எண்ணில் 32 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 0 முதல் 9 வரையிலான ஓர் இலக்கமோ, ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துகளில் ஒன்றோ வரும். ஆக ஓர் இடத்துக்கு 16 வாய்ப்புகள். 16-ஐ 32 முறை எழுதிப் பெருக்கினால் 39 இலக்கங்கள் கொண்ட எண் கிடைக்கும். நொடிக்கு 100 கோடி ஊகம் வீதம், பிரபஞ்சம் தோன்றிய நாளிலிருந்து 1,380 கோடி ஆண்டுகளாக ஒருவர் ஊகித்துக்கொண்டே வந்திருந்தாலும், அதில் கடுகளவுகூட முடிந்திருக்காது.

ஊகிக்க முடியாது, சரி. திருட முடியுமே? சீட்டு போகும் வழியில் ஒருவர் எட்டிப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டால்? பல தளங்கள் கடவுச்சொல்லை மட்டும் மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டிய உறையில் அனுப்பிவிட்டு, அதன்பின் செஷன் எண்ணைத் திறந்தபடி அனுப்பிக்கொண்டிருந்த காலம் உண்டு. 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற நிரலாளர் ஃபயர்ஷீப் என்ற சிறு மென்பொருளை வெளியிட்டார். கடவுச்சொல் இல்லாத பொது வைஃபையில் அருகில் இருப்பவரின் எண்ணைப் பிடித்து, அவராகவே உள்ளே நுழைய முடியும் என்று அது காட்டியது. கடவுச்சொல்லே தேவைப்படவில்லை! உலகம் திடுக்கிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பெரிய தளங்கள் எல்லாப் பக்கங்களையும் பூட்டிய உறைக்குள் அனுப்பத் தொடங்கின. தளத்தின் முகவரித் தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ் என்று இருப்பது அந்த உறையைத்தான் குறிக்கிறது.

நோட்டின் பக்கங்களுக்கு ஆயுளும் உண்டு. பிஎச்பியின் வழக்கமான கணக்கில் 1,440 நொடிகள், அதாவது 24 நிமிடங்கள். அவ்வளவு நேரம் உங்களிடமிருந்து சீட்டு எதுவும் வராவிட்டால் உங்கள் பக்கத்தைக் குப்பையில் போடலாம் என்று சர்வர் முடிவுசெய்துவிடும்.

ஆய்வகக் கணினியில் வேலை முடிந்ததும் பிரவுசரை மூடிவிட்டு ஓடுவீர்கள் அல்லவா? மூடியது சர்வருக்குத் தெரியாது. கதவின் அடியில் எந்தச் சீட்டும் போகவில்லையே! அதன் ஆயுள் முடியும்வரை உங்கள் பக்கம் திறந்தே கிடக்கும். லாகவுட் பொத்தானை அழுத்தினால்தான், "என் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்" என்ற சீட்டு போகும்.

விளையாட்டை அப்படியே முடியுங்கள். கடைக்காரர் பக்கத்தைக் கிழித்த பிறகு, அதே எண்ணை எழுதி இன்னொரு சீட்டைத் தள்ளிப் பாருங்கள். கதவின் அடியிலிருந்து பதில் வரும்: "நீங்கள் யார்?"