மின்சாரச் சூளை வாங்குமுன்

மட்பாண்டத் தொழில் நடைபெறும் சங்கங்களில் மின்சாரச் சூளை வாங்கும் யோசனை எழுவது இயல்பே. விறகைத் தேடி அலைய வேண்டுவதில்லை, புகை இல்லை, மழைக்காலத்திலும் வேலை தடைப்படாது. ஆயினும் அதற்கு இடும் தொகை அங்கத்தினர்களின் பங்குப் பணமாகும். பொருந்தாத சூளை மூலையில் முடங்கும். கடன் தவணையோ முடங்காது. ஆகவே, விலையை விசாரிக்குமுன் மண், மின்சாரம், அளவு என்னும் மூன்றையும் ஆராய வேண்டுமென வற்புறுத்துகிறோம்.

முதலாவது, மண். நூலின் நம்பரைப் பார்த்தே நெசவாளர் அச்சைத் தேர்ந்தெடுக்கிறார். அவ்வாறே மண்ணின் தன்மையைப் பார்த்தே சூளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பானை, சட்டி, பூந்தொட்டி முதலியவற்றுக்குரிய செம்மண் பெரும்பாலும் 900 முதல் 1,100 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் பதமாகும். அதற்கு மேற்பட்டால் கொப்பளித்து வளைந்துவிடும். ஊறுகாய் ஜாடி போன்ற கெட்டிப் பாண்டங்களுக்கு 1,200 முதல் 1,300 டிகிரி வேண்டும். சூளையை அதன் உச்ச வரம்பிலேயே நாள்தோறும் இயக்கினால் சூடேற்றும் கம்பிச் சுருள்கள் விரைவில் தேய்ந்து அறும். எனவே, நமக்கு வேண்டிய சூட்டைவிட 100 டிகிரியாவது கூடுதலாகத் தாங்கும் சூளையே ஏற்றது.

புகையூட்டிக் கறுப்பு நிறம் ஏற்றும் வேலைக்கு மின்சாரச் சூளை உதவாது. உத்தரப் பிரதேசத்து நிஜாமாபாத் கறுப்புப் பாண்டங்கள் இம்முறையில் ஆனவை. புகை, கம்பிச் சுருளின்மேல் காப்பாகப் படிந்துள்ள படலத்தைக் கெடுத்துவிடும். இத்தகைய பண்டங்களை விற்கும் சங்கம் பழைய சூளையைக் கைவிடலாகாது.

இரண்டாவது, மின்சாரம். 7 கிலோவாட் சூளை 230 வோல்ட்டில் சுமார் 30 ஆம்பியர் இழுக்கும். வீட்டுப் பவர் பிளக்கு 15 அல்லது 16 ஆம்பியருக்கே உரியது. ஆதலால் தனிக் கம்பி, தனி சுவிட்சு, நல்ல எர்த் இணைப்பு ஆகியவை இன்றியமையாதன. பெரிய சூளைக்கு மும்முனை இணைப்பு வேண்டியிருக்கும். இச்செலவையும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

மின் அழுத்தக் குறைவையும் கவனிக்க வேண்டும். அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், சூளை பெறும் ஆற்றல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். 230 வோல்ட்டுக்குச் செய்த சூளை 207 வோல்ட்டில் மணிக்கணக்காக ஓடியும் உரிய சூட்டை எட்டாமற்போகலாம். கிணற்றில் ஊறும் நீரைப் பாராமல் பம்பு செட் வாங்கும் விவசாயி இல்லை. நாமும் காலை, மாலை, இரவு என ஒரு வாரம் அழுத்தத்தை அளந்து குறித்த பின்னரே சூளையைப் பற்றிப் பேச வேண்டும்.

மூன்றாவது, அளவு. 7 கிலோவாட் சூளை 8 மணி நேரம் இடைவிடாது ஓடினால் 56 யூனிட் ஆகும். அதில் 80 குவளைகள் வேகுமாயின் குவளைக்கு 0.7 யூனிட். 40 குவளைகளே அடுக்கினாலும் செங்கற் சுவரையும் தட்டுகளையும் சூடாக்கும் மின்சாரம் குறைவதில்லை. குவளைக்கு விழும் செலவு இரு மடங்கை நெருங்கும். எனவே, பாதி காலியாக எரியும் பெரிய சூளையினும் வாரந்தோறும் நிறையும் சிறிய சூளையே லாபகரமானது. முதற்சூட்டில் பாண்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். மெருகுப் பூச்சிட்ட பின்னர் அவை ஒன்றையொன்று தொடலாகாது, தொட்டால் ஒட்டிக்கொள்ளும். ஆகையால் கொள்ளளவை மெருகுச் சூட்டைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவையும் சில உள. மாற்றுக் கம்பிச் சுருள் எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும்? அதை நம் ஊர் மின் தொழிலாளி பொருத்த இயலுமா? சுவர் எடை குறைந்த காப்புச் செங்கலால் ஆனதா? கதவைத் திறந்தால் மின்சாரம் தானே நிற்குமா? தானியங்கிக் கருவி இருப்பினும் சூட்டுக் கூம்புகளையும் உள்ளே வைப்பது நலம். 1886-இல் ஜெர்மானியரான ஹெர்மன் ஸேகர் வகுத்த முறை இது. அளவுமானி அந்த நேரத்துச் சூட்டை மட்டுமே காட்டும். பாண்டம் பதமானதா என்பதை வளைந்த கூம்பு காட்டும்.

புகை இல்லையெனினும் மண்ணிலிருந்தும் பூச்சிலிருந்தும் தீய வாயுக்கள் எழும். ஆகவே சூளையைக் காற்றோட்டமுள்ள தனி அறையில், சுவரினின்றும் ஒன்றரை அடி தள்ளி அமைக்க வேண்டும். பஞ்சும் நூலும் வைக்கும் அறை இதற்கு ஒருபோதும் ஆகாது.

முடிவு செய்யுமுன் நம் மண்ணில் வனைந்த பத்துப் பாண்டங்களை, ஏற்கெனவே மின்சாரச் சூளை உள்ள இடத்தில் கூலி கொடுத்துச் சுட்டுப் பார்ப்பது நன்று. அப்பாண்டங்களையும், ஒரு வாரத்து வோல்ட் கணக்கையும், மாத விற்பனைக் கணக்கையும் பொதுச் சபையின் முன் வைத்தால், எந்தச் சூளை வேண்டும், இப்போது வேண்டுமா என்பதை அங்கத்தினர்களே தீர்மானித்துக்கொள்வர்.