சர்க்காரை வென்ற கோழி வியாபாரிகள்

நியூயார்க் நகரத்தில் புரூக்ளின் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே ஷெக்டர் சகோதரர்கள் நால்வர் கோழி வியாபாரம் செய்து வந்தார்கள். யூத மத முறைப்படி கோழி அறுத்துச் சில்லறைக் கடைக்காரர்களுக்கு விற்பது அவர்கள் தொழில். அவர்கள் மீது அமெரிக்க சர்க்கார் வழக்குப் போட்டது. உண்ணத் தகாத கோழியை விற்றார்கள் என்பதும் குற்றங்களில் ஒன்று. அதனால் "சீக்குக் கோழி வழக்கு" என்று ஊரெல்லாம் பெயராகிவிட்டது.

அது பொல்லாத காலம். 1933-ல் அமெரிக்காவில் உழைக்கக் கூடியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. பாங்கிகள் மூடிக் கிடந்தன. அந்த ஆண்டு மார்ச்சில் பதவி ஏற்ற ஜனாதிபதி ரூஸ்வெல்ட், ஜூன் மாதத்தில் தேசியத் தொழில் மீட்சிச் சட்டத்தைக் கொண்டு வந்தார்.

அதன்படி ஒவ்வொரு தொழிலுக்கும் தனி விதிகள். அவற்றை எழுதியவர்கள் யார்? பெரும்பாலும் அந்தந்தத் தொழிலின் சங்கத்தாரே! ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தால் போதும், அது சட்டம். இப்படி 500-க்கு மேற்பட்ட விதித் தொகுப்புகள் வந்தன. விதிகளை ஏற்ற கடைகளில் நீலக் கழுகுப் படம் தொங்கிற்று.

கோழி வியாபாரத்துக்கு வந்த விதிகளில், தொழிலாளிக்கு மணிக்கு 50 சென்ட்டுக்குக் குறையாமல் கூலி தரவேண்டும் என்பது ஒன்று. நல்ல விதிதான். இன்னொன்றைக் கேளுங்கள்: வாங்க வருகிறவர் கூண்டிலிருந்து கோழியைப் பொறுக்கி எடுக்கக் கூடாது; கைக்கு வந்ததை வாங்கவேண்டும்! கோழி வாங்கிப் பழகியவர் யார் இதற்குச் சம்மதிப்பார்?

கோர்ட்டில் சிரிப்பு

கீழ்க்கோர்ட்டு சகோதரர்களுக்குச் சிறையும் அபராதமும் விதித்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. வக்கீல் இந்த விதியை விளக்கியபோது, "கோழிகள் எல்லாம் கூண்டின் ஒரு மூலைக்குப் போய்விட்டால்?" என்று ஒரு நீதிபதி கேட்க, கோர்ட்டே சிரித்தது.

தீர்ப்பு சிரிப்புக்கு உரியதல்ல. 1935 மே 27-ந் தேதி, 9 நீதிபதிகளும் ஒருமித்துச் சட்டம் செல்லாது என்றார்கள். தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ஹியூஸ். அமெரிக்காவின் பார்லிமெண்டுக்குக் காங்கிரஸ் என்று பெயர். சட்டம் செய்ய வேண்டியது காங்கிரஸ். அது வெற்றுக் காகிதத்தை ஜனாதிபதி கையில் கொடுத்து, "நீரே எழுதிக்கொள்ளும்" என்று சொல்ல முடியாது. நெருக்கடி வந்துவிட்டது என்பதற்காகச் சர்க்காருக்குப் புதிய அதிகாரம் பிறந்துவிடாது என்றும் அவர் எழுதினார்.

மற்றொரு காரணமும் சொன்னார்கள். நியூயார்க்கில் விற்கும் கோழிகளில் நூற்றுக்கு 96 வெளி ராஜ்யங்களிலிருந்து வந்தவை. ஆனாலும் புரூக்ளினில் இறங்கிய பிறகு அது உள்ளூர் வியாபாரம். மத்திய சர்க்கார் தலையிட முடியாது என்றார்கள். இது கொஞ்சம் கடுமைதான். ரூஸ்வெல்ட்டுக்குக் கோபம் வந்தது. கோர்ட்டு குதிரை வண்டிக் காலத்தில் இருக்கிறது என்றார்.

சட்டம் போனதும் 50 சென்ட்டுக்கு இருந்த பாதுகாப்பும் போயிற்று. ஏழைத் தொழிலாளிக்கு அது நஷ்டமே. 1938-ல் வேறு ஒரு சட்டம் வந்தது. குறைந்த கூலி மணிக்கு 25 சென்ட் என்று இம்முறை காங்கிரஸே எழுதி வைத்தது. 1941-ல் அதே சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது.

ஷெக்டர் சகோதரர்கள் சிறைக்குப் போகவில்லை. 1936 தேர்தலில் அவர்கள் குடும்பத்தார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் தெரியுமா? ரூஸ்வெல்ட்டுக்குத்தான் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின!