புகையிலை: தடையும் வரியும்

“ஹராம் எனில் அரசு தடை செய்யட்டும், தடை செய்யாமல் வரி வாங்குவது எப்படித் தகும்?” ஃபிக்ஹு வகுப்பில் மாணவர் ஒருவர் எம்மிடம் கேட்ட வினா இது. வினா புதியதன்று, நம் முன்னோர் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இதனோடு போராடியுள்ளனர்.

ஹிஜ்ரி 1015இல் (கி.பி. 1606-07) திமிஷ்க் நகரில் புகையிலை தோன்றியதாக ஹனஃபி சட்ட நூலான ‘அத்துர்ருல் முக்தார்’ குறிப்பிடுகிறது. குர்ஆனிலோ ஹதீஸிலோ பெயர் சுட்டப்படாத பொருளாதலின் அறிஞர்கள் கருத்து வேறுபட்டனர். 1633இல் இஸ்தான்பூலைப் பெருந்தீ அழித்தபின், உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் புகைத்தலைத் தடை செய்து, மீறியோருக்கு மரண தண்டனையே விதித்தார்.

விளைவு என்ன? அக்காலத்தில் வாழ்ந்த காத்திப் செலபி, 1656இல் இயற்றிய ‘மீஸானுல் ஹக்’ நூலில் அதனைப் பதிவு செய்துள்ளார். தண்டனை கடுமையானபோது மக்களின் நாட்டமும் பெருகிற்று. படைவீரர் சிலர் சட்டைக் கைக்குள் குறும் புகைக்குழாயை மறைத்து வைத்திருந்தனர். ஆகவே, விற்பனையைக் குத்தகைக்கு விட்டுக் கருவூலத்திற்கு வருவாய் தேடலாம். தகாத இடங்களில் மட்டும் புகைத்தலைத் தடுக்கலாம் என அவர் ஆலோசனை கூறினார்.

பின்னர் திமிஷ்கின் அப்துல் கனீ அந்நாபுலுஸீ (1641-1731) தனி நூல் எழுதிப் புகைத்தல் ஆகுமானதே என்றார். பொருள்களின் அடிப்படை நிலை அனுமதியே என்பதும், தடைக்குரிய தீங்கு நிறுவப்படவில்லை என்பதும் அவர்தம் வாதம். இன்றோ அத்தீங்கு ஐயமின்றி நிறுவப்பட்டுவிட்டது; ஆண்டுதோறும் 70 லட்சத்திற்கும் மேற்பட்டோர் புகையிலையால் மடிகின்றனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவருடைய காரணத்தை விட்டுவிட்டு முடிவை மட்டும் மேற்கோள் காட்டுவது அறிவுக்குச் செய்யும் நீதியாகாது. இல்லத் மாறினால் ஹுக்மும் மாறும்.

எனினும் மார்க்கத் தீர்ப்பு வேறு. அதனை அரசு செயற்படுத்தும் வழி வேறு. 2020இல் பெருந்தொற்றின்போது தென்னாப்பிரிக்கா ஏறத்தாழ ஐந்து மாதங்கள் சிகரெட் விற்பனையைத் தடை செய்தது. புகைப்போரில் பெரும்பாலோர் கூடுதல் விலை கொடுத்துக் கள்ளச் சந்தையில் வாங்கினர். தடை நீங்கிய பின்னரும் அச்சந்தை மறையவில்லை.

வரியை உயர்த்தினாலும் கடத்தல் பெருகும் எனப் புகையிலை நிறுவனங்கள் வாதிடுகின்றன. இதில் ஓரளவு உண்மையுண்டு, முழு உண்மையன்று. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு சிகரெட் கள்ளச் சரக்காக இருந்தது. சுங்கக் கண்காணிப்பு வலுப்பெற்றபின், வரியைக் குறைக்காமலேயே பத்தாண்டுகளில் அப்பங்கு ஏறத்தாழப் பாதியாயிற்று. உற்பத்திச் சாலையிலிருந்து கடைவரை பெட்டிகளின் தடமறியும் ஏற்பாட்டைக் கோரும் பன்னாட்டு நெறிமுறையும் 2012இல் ஏற்கப்பட்டு 2018இல் நடைமுறைக்கு வந்தது.

எனவே மாணவருக்கு நாம் கூறிய விடை இதுதான்: வரி, ஹராமுக்கு வழங்கும் அனுமதிச் சீட்டன்று; ஒரேயடியாக நீக்க இயலாத தீங்கைப் படிப்படியாகக் குறைக்கும் வழி. தீங்கைத் தீங்கால் நீக்கலாகாது என்பது ஃபிக்ஹின் விதி. ஆனால் கருவூலம் அவ்வருவாயில் சுவை கண்டு, புகைப்போர் குறைவதை விரும்பாத நிலை எய்துமாயின், அவ்வரி தன் நியாயத்தை இழந்துவிடும்.

அரசின் கை எட்டாத இடம் ஒன்றுண்டு. அது கடைக்காரரின் உள்ளம். சட்டம் அனுமதித்த சரக்காயினும், பிள்ளைகளின் நுரையீரலைக் கெடுத்து ஈட்டும் காசு ஹலாலான உணவாகுமா என்பதை நம் வணிகர்கள் தாமே எண்ணிப் பார்க்க வேண்டும். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.