தண்ணிக்குள்ள நின்னும் தாகம்!

மழை விட்டு மூணு நாளாகியும் தண்ணி வடியாத இடம் எல்லா காலேஜ்லயும் ஒண்ணு இருக்கும். அங்கே நிக்கிற பப்பாளியைக் கொஞ்சம் கவனிங்க பாஸ்! இலை மஞ்சளாகி, தலை தொங்கி, மே மாச வெயில்ல வாடினது மாதிரியே இருக்கும். சுத்திலும் தண்ணி... அப்புறம் ஏன் இந்த வாட்டம்?

மேட்டர் சிம்பிள். வேருக்கும் மூச்சு உண்டு. மண் துகள்களுக்கு நடுவுல இருக்கிற காத்துதான் அதுக்கு ஆக்சிஜன் சப்ளை. தண்ணி தேங்கினா அந்த இடைவெளியெல்லாம் ஹவுஸ்ஃபுல்! தண்ணிக்குள்ள ஆக்சிஜன் பரவுற வேகம் காத்துல இருக்கிறதைவிட சுமார் 10,000 மடங்கு கம்மி. ஒரு குளுக்கோஸ்ல சுமார் 30 ஏடிபி எடுத்துட்டிருந்த வேருக்கு, ஆக்சிஜன் இல்லேன்னா வெறும் 2 தான். (நம்ம இன்டர்னல் மார்க்கே தேவலை!) வேர் செல்கள்ல தண்ணி நுழையற வாசலும் மூடிக்கும். ஆக, மரம் தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டே தாகத்துல தவிக்குது.

பப்பாளிக்கு ரெண்டு நாள் தேங்கினாலே உயிருக்கு ஆபத்து. கொய்யா ஓரளவு தாங்கும். மாமரம்தான் கில்லாடி! தண்ணி மட்டத்துக்கு மேலே அடிமரத்துப் பட்டையில இருக்கிற சின்னத் துளைகள் பருத்து வீங்கும். அது வழியாத்தான் காத்து உள்ளே இறங்கும். ஃப்ளோரிடாவுல ஆராய்ச்சியாளர்கள் அந்தத் துளைகளை பெட்ரோலியம் ஜெல்லி பூசி அடைச்சுப் பார்த்தாங்க. தண்ணியில நின்ன மாங்கன்னுங்க சீக்கிரமே செத்துப்போச்சு!

2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை கொட்டினப்போ, தூத்துக்குடி மாவட்ட வாழைத் தோட்டங்கள் மூழ்கினதை மறந்திருக்க மாட்டீங்க. அத்தனை தண்ணியை நம்மால தடுக்க முடியாது. ஆனா, நம்ம வளாகத்து மரத்தைக் காப்பாத்த முடியும்.

முதல்ல, ஒரு வாய்க்கால் வெட்டி தண்ணியை வெளியேத்துங்க. ஈர மண்ணை மிதிக்காதீங்க, மண் இறுகினா காத்து போகாது. வாடியிருக்கேன்னு உடனே உரம் போடாதீங்க. இலை கொட்டினதுமே 'பட்டுப்போச்சு'ன்னு வெட்டவும் விடாதீங்க. நகத்தால பட்டையை லேசா சுரண்டிப் பாருங்க. உள்ளே பச்சையா இருந்தா உயிர் இருக்குன்னு அர்த்தம்; சில வாரம் பொறுத்தா துளிர் விடலாம்.

அடுத்த முறை கன்னு நடும்போது மேடு கட்டி நடுங்க. அடிமரம் வரைக்கும் சிமென்ட் பூச யாராவது வந்தா, கேள்வி கேளுங்க. வேர் மூச்சு விடவும் கொஞ்சம் இடம் வேணும் மக்களே!