மின்மிதிவண்டிக்கு உரிமமும் பதிவும் வேண்டுமா? வெள்ளக்கடை மலைச்சாலையிலிருந்து ஒரு பார்வை

பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் மிதிவண்டியோ மோட்டார் சைக்கிளோ ஓட்டிச் செல்வதைத் தடுப்பது, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. குடியரசாகி 65 ஆண்டுகள் கழித்து இப்படியொரு பிரிவை எழுதவேண்டியிருந்தது என்பதே போதிய சான்று. அந்தப் பிரிவுக்கு இன்றும் வேலை இருக்கிறது. ஆகவே, வண்டியோட்டுவதற்கு மேலும் ஒரு நிபந்தனை விதிக்கும் எதையும் நாம் ஐயத்தோடு பார்ப்பது இயல்பு. மோட்டார் பொருத்திய மிதிவண்டிக்கும் உரிமமும் பதிவும் வேண்டும் என்ற பேச்சு எழும்போது, 'ஏழையின் வண்டியில் கைவைக்காதே' என்பதே நம் தரப்பின் முதல் மறுமொழி. அது பாதி சரி. மறுபாதியில், அதே சாலையில் நடந்து போகும் ஏழை இருக்கிறார்.

சட்டம் இன்று சொல்வது இது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 2(28), நான்குக்கும் குறைவான சக்கரங்களும் 25 கன சென்டிமீட்டருக்கு மிகாத எஞ்சினும் கொண்ட வண்டியை 'மோட்டார் வாகனம்' என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. மின்வண்டிக்கான விலக்கு, மத்திய மோட்டார் வாகன விதிகளின் 2(யு)வில் உள்ளது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருக்கவேண்டும். மின்கலம் நீங்கலான எடை 60 கிலோவைத் தாண்டக்கூடாது. இவற்றை அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் உறுதிசெய்திருக்க வேண்டும். அப்படியானால் உரிமம், பதிவு, காப்பீடு எதுவும் வேண்டியதில்லை. இவற்றுள் ஒன்று தவறினாலும் அது முழு மோட்டார் வாகனம். இடைப்பட்ட வகை எதுவும் கிடையாது.

இந்தக் கோடு சமவெளிக்காகப் போடப்பட்டது. ஏற்காடு ஒன்றியத்தைச் சேர்ந்த வெள்ளக்கடை போன்ற மலை ஊராட்சியில் அதைப் பொருத்திப் பாருங்கள். சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினரும் காப்பித் தோட்டத் தொழிலாளர்களும் நடக்கும் சாலைகளில் சமதளம் அரிது. வண்டி, மின்கலம், ஓட்டுபவர், பின்னால் ஒருவர் எல்லாம் சேர்ந்து 200 கிலோ என்று கொள்வோம். நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் உயரும் ஏற்றத்தில், துளி ஆற்றலும் வீணாகாவிட்டால்கூட 250 வாட் மோட்டார் மணிக்கு ஆறரை கிலோமீட்டருக்கு மேல் இழுக்காது. வேகமாக நடப்பவர் அதை முந்திவிடுவார். எனவே மலையில் பயன்படும் வண்டி பெரும்பாலும் 250 வாட்டைத் தாண்டியதாகவே இருக்கும். சமவெளிக்காரர் உரிமமின்றி அனுபவிக்கும் வசதி, மலைக்காரருக்குக் குற்றமாகிறது. இறக்கத்தில் நிலைமை வேறு: மோட்டாரை அணைத்துவிட்டாலும் வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தைச் சட்டென்று கடந்துவிடும். அங்கே உயிரைக் காப்பது பிரேக். விதி அளப்பதோ வாட்டை.

இனி, அடிபடுபவரின் பக்கம். காப்பிக்கொட்டை பறித்துவிட்டு வீடு திரும்பும் பெண் மீது இத்தகைய வண்டி மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். விலக்குப் பெற்ற வண்டியானால் அது மோட்டார் வாகனமே இல்லை. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. நீதிமன்றக் கட்டணம் கட்டி உரிமையியல் வழக்குத் தொடுக்க வேண்டும். விலக்கின் வரம்பைத் தாண்டியும் பதிவு செய்யாத வண்டியானால் தீர்ப்பாயம் விசாரிக்கும். ஆனால் பணம் தரக் காப்பீட்டு நிறுவனம் இருக்காது. தீர்ப்பு வண்டிக்காரர் தலையில் விழும். அவரும் நாள்கூலிக்காரரே. இரு ஏழைகளுக்கிடையே ஒரு காகிதத் தீர்ப்பு மிஞ்சும்.

உச்ச நீதிமன்றம் 2013இல் சந்தித்தது இதே சிக்கலைத்தான். டீசல் எஞ்சினை வண்டியில் பொருத்தி வடமாநிலக் கிராமங்களில் ஓட்டும் 'ஜுகாட்', பதிவும் காப்பீடும் உரிமமும் தேவைப்படும் மோட்டார் வாகனமே என்று ராஜஸ்தான் போக்குவரத்துக் கழக வழக்கில் அது தீர்ப்பளித்தது. நம் சென்னையின் மீன்பாடி வண்டிக்கும் இந்தத் தர்க்கம் பொருந்தும். பிழைப்பைப் பறிக்கும் தீர்ப்பு என்று இதைச் சொல்வோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. காப்பீடு என்பது சாலையில் நடப்பவரின் சொத்து. சமவெளியின் 250 வாட் மிதிவண்டிக்கு விலக்கு நீடிக்கட்டும். அதைத் தாண்டியவற்றுக்குப் பதிவும் காப்பீடும் வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

செலவு ஒரு தடையா? மின்வண்டிகளுக்குப் பதிவுக் கட்டணம் 2021 ஆகஸ்டில் நீக்கப்பட்டது. மூன்று கிலோவாட்டுக்கு மிகாத மின் இருசக்கர வண்டிக்கு 2022இல் அறிவிக்கப்பட்ட மூன்றாம் நபர் காப்பீட்டுத் தொகை ஆண்டுக்கு 457 ரூபாய். உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. உரிமத்தேர்வுக்கு மலையிலிருந்து சேலம் இறங்கவேண்டும். கூலி இழந்த நாள் கட்டணத்தைவிடப் பெரிது. பழகுநர் உரிமத் தேர்வோ கணினி முன் நடப்பது. எழுதப் படிக்கத் தெரியாதவர் சாலையைப் படிக்கத் தெரியாதவர் அல்லர். போக்குவரத்து வாகன ஓட்டுநர் எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்ற விதியை 2019இல் மத்திய அரசே நீக்கிவிட்டது. ஆகவே, குறியீடுகளை வாய்மொழியாகக் கேட்டுத் தேர்வுசெய்யும் உரிம முகாம்களை ஏற்காட்டிலேயே நடத்தக் கோருவது சலுகை கேட்பதாகாது.

தண்டனை யார்மீது விழுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். உரிமமின்றி ஓட்டினால் 5,000 ரூபாய். பதினெட்டு நிறையாத பிள்ளை ஓட்டிக் குற்றம் இழைத்தால், பிரிவு 199ஏ பெற்றோருக்கு 25,000 ரூபாயும் மூன்றாண்டு வரை சிறையும் வைத்திருக்கிறது. 'லைசன்ஸே வேண்டாம்' என்று சொல்லி, வேகத்தடை வயரைக் கழற்றிக் கொடுத்த கடைக்காரர்? பதிவுக்கு விண்ணப்பிக்கத் தவறும் விற்பனையாளருக்குப் பிரிவு 192பி, ஆண்டுச் சாலைவரியைப் போல் பதினைந்து மடங்கு அல்லது வாழ்நாள் வரி, இவற்றுள் அதிகமானதை அபராதமாக விதிக்கிறது. தமிழ்நாட்டில் மின்வண்டிக்குச் சாலைவரி விலக்கு 2020இலேயே வந்துவிட்டது. பூச்சியத்தின் பதினைந்து மடங்கு எவ்வளவு என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை போலும். இங்கே பயன்படக்கூடியது பிரிவு 182ஏ. விதிக்குப் புறம்பாகத் தயாரித்த வண்டியை விற்பவருக்கு, வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை. காவலர்கள் சாலையோரத்தில் பிடிக்கும் ஒவ்வொரு வண்டிக்கும், அதை விற்ற கடையின் பெயரும் குறிப்பேட்டில் ஏறவேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்திடம் நாம் வலியுறுத்தலாம்.

வண்டி வாங்கும்போதே சோதனை நிறுவனத்தின் சான்றிதழ் நகலையும், மோட்டாரின் வாட் அளவு எழுதிய ரசீதையும் கேட்டு வாங்குங்கள். பொய் சொல்லி விற்றிருந்தால், அந்த ரசீதோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு மேற்படாதவரை அங்கே புகார்க் கட்டணம் கிடையாது.