புரதம் செய்யாத காவலர்கள்

விருதுநகர் மாவட்டத்து அச்சங்குளம் போன்ற ஊர்களில் பட்டாசு ஆலைகள் இருப்பதை அறிவீர்கள். அங்கே மருந்து கலப்போரும் திரி வைப்போரும் உண்டு. ‘ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது, இவ்வளவு மருந்துக்கு மேல் கூடாது’ என்ற விதிகளும் உண்டு. விதி ஒரு பட்டாசைக்கூடச் செய்வதில்லை. ஆனால் அது இல்லாமல் ஆலை நடக்கலாமா? 2021 பிப்ரவரி 12 அன்று அவ்வூர் ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கட்டுப்பாட்டின் அருமைக்கு வேறு பாடம் வேண்டுமா?

நம் உயிரணுவும் ஓர் ஆலையே. டி.என்.ஏ.யில் உள்ள செய்தியை ஆர்.என்.ஏ. எடுத்துச் செல்ல, புரதம் உருவாகிறது. ஆனால் புரதத்திற்கான செய்தி நம் டி.என்.ஏ.யில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. மீதியிலிருந்தும் பல ஆர்.என்.ஏ.க்கள் தோன்றுகின்றன. அவை புரதம் செய்வதில்லை. அவற்றுள் சில, பிற ஜீன்களை அடக்கி ஆள்கின்றன. இவற்றுள் மிகச் சிறியவற்றில் ஒன்று மைக்ரோ ஆர்.என்.ஏ. 1993இல் ஒரு சிறு புழுவில் இதைக் கண்ட விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவரும் 2024இல் நோபல் பரிசு பெற்றனர்.

மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ளது பிட்யூட்டரி சுரப்பி. இதில் கட்டி வளர்ந்தால், பெரும்பாலும் அது புற்றுநோயாக இராது. ஆனாலும் பார்வை நரம்பை அழுத்திப் பக்கப் பார்வையைக் கெடுக்கலாம். வளர்ச்சி ஹார்மோன் மிகுந்தால் சிறுவர் அளவுமீறி உயர்வர். பெரியவர்களுக்குக் கைகால்கள் பருக்கும்.

இக்கட்டி ஏன் வளர்கிறது? ஒரு காரணத்தை ஆன் கிளிபான்ஸ்கி குழுவினர் 2003இல் காட்டினர். இயல்பான சுரப்பியில் ‘மெக்-3’ என்னும் நீண்ட ஆர்.என்.ஏ. உண்டு. அது உயிரணுப் பெருக்கத்திற்குத் தடை போடுகிறது. ஹார்மோன் மிகுதியாகச் சுரக்காத வகைக் கட்டிகளில் அதைக் காணோம்! பல கட்டிகளில் ஜீன் அழியவில்லை. மீத்தைல் தொகுதிகள் ஒட்டிக்கொண்டு அதன் வாயை அடைத்துவிட்டன. விதி எழுதப்பட்டிருக்கிறது, படிக்கப்படவில்லை!

வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும் கட்டிகளில் 15ஏ, 16-1 என்னும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் குறைந்திருப்பதும், குறையக் குறையக் கட்டி பெரிதாயிருப்பதும் 2005இல் தெரிந்தது.

இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறை 1949இல் ஜேக்கப் சாண்டியால் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பெற்றது. இன்று இக்கட்டிகளை மூக்கின் வழியாகவே அகற்றுகிறார்கள். அடைபட்ட வாயைத் திறந்து, மெக்-3ஐ மீண்டும் பேச வைக்க முடியுமா? அந்த வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது!